நோயாளர் விடுதியும் வீட்டு வாசலும்: நோய்த்தணிப்புப் பராமரிப்பின் இணைப்பு வரலாறு

மருத்துவத்தின் வரலாற்றை எழுதியோருட் பெரும்பாலோர் குணப்படுத்தலின் வரலாற்றையே எழுதியுள்ளனர். அம்மைத் தடுப்பு முறையின் கண்டுபிடிப்பு, நுண்ணுயிர்க் கொல்லிகளின் வருகை, சத்திர சிகிச்சையின் வளர்ச்சி ஆகியனவே அவ்வரலாற்றின் சிகரங்களாகக் கொள்ளப்படுகின்றன. குணப்படுத்த முடியாத நோயாளி அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நிற்கின்றார். ஆயினும், எந்த வைத்தியசாலையிலும் எந்தக் காலத்திலும் அவர் இருந்தே வந்துள்ளார்.

ஈழத்துப் பேச்சு வழக்கிலே, வைத்தியசாலையிலிருந்து ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதைத் 'துண்டு வெட்டுதல்' என்பர். குணமடைந்து செல்பவருக்கு அது மகிழ்ச்சி தரும் சொல்லாகும். நோய் முற்றிய நிலையில், இனி வீட்டில் வைத்துப் பார்க்குமாறு கூறி அனுப்பப்படுபவருக்கோ அத்துண்டு, வைத்தியத்தோடு அவருக்கு இருந்த உறவையே வெட்டிவிடுகின்றது. வைத்தியசாலையின் பொறுப்பு அதன் வாயிலோடு முடிகின்றது. வீட்டிலுள்ளோருக்கு அன்பு உண்டு. ஆனால் நள்ளிரவில் வலி மிகும்போது என்ன செய்வதென்ற அறிவோ, அதற்கான மருந்தோ அவர்களிடம் இல்லை. இவ்விரு இடங்களுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை நிரப்ப மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்பது, உயிருக்கு ஊறு செய்யும் நோயினால் வருந்துவோரின் உடல் வலியையும் பிற துன்பங்களையும் தணித்து, அவர்களுடைய உள்ளத்துக்கும் குடும்பத்தினருக்கும் துணைநிற்கும் மருத்துவ முறையாகும். இறுதி நாள்களுக்கு மட்டும் உரியதென அதனைக் கருதுவது பொருந்தாது. நோயைக் குணப்படுத்த முயலும் சிகிச்சையோடு உடனிணைந்தும் அது வழங்கப்படலாம். இக்கருத்து வேரூன்றுவதற்கு நெடுங்காலம் சென்றதென்பதைப் பின்வரும் வரலாறு காட்டும்.

இரண்டு ஓடைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவிலே இறக்கும் தறுவாயிலுள்ளோரைப் பேணும் பணி இரண்டு ஓடைகளாகப் பாய்ந்தது. ஒன்று நிறுவனத்தின் வழிப்பட்டது. மற்றையது வீட்டின் வழிப்பட்டது.

நிறுவன வழியைத் தொடக்கியோர் பெரும்பாலும் சமயப் பணியாளராகிய பெண்களே. 1842இல் பிரான்சின் லியோன் நகரிலே ஜீன் கார்னியே என்னும் பெண்மணி, நோய் முற்றி இறக்கும் நிலையிலிருந்தோரைப் பேணுவதற்காகப் பெண்கள் சங்கமொன்றினை நிறுவினார். 1879இல் அயர்லாந்தின் டப்ளின் நகரிலே அறச் சகோதரிகள் சபையினர் இத்தகைய இல்லமொன்றைத் திறந்தனர். அச்சபையினரே 1905இல் இலண்டனின் ஹக்னி பகுதியிலே சென்ட் ஜோசப் இல்லத்தைத் தொடங்கினர். 'ஹொஸ்பிஸ்' எனப்பட்ட இவ்வில்லங்களிலே தூய்மையும் பரிவும் இருந்தன. ஆனால் அவற்றின் எல்லை அவற்றின் மதில்களே. அங்கு கட்டில் கிடைத்தவர் பேறு பெற்றவர். கிடைக்காதவர் தம் குடிசையிலேயே வலியோடு கிடந்தார்.

வீட்டு வழிப்பட்ட ஓடையின் ஊற்றும் ஒரு மரணமே. லிவர்பூல் நகரின் வணிகரான வில்லியம் ரத்போன் என்பவரின் மனைவி 1859இல் காலமானார். அவருடைய இறுதிக் காலத்தில் மேரி ரொபின்சன் என்னும் தாதி வீட்டிலேயே தங்கி அவரைப் பேணினார். செல்வமும் வசதியும் மிக்க தம் இல்லத்திலேயே தாதியொருவரின் துணை இத்துணை ஆறுதல் தருமாயின், ஏதுமற்ற ஏழைகளின் நிலை யாதாகும் என்ற வினா ரத்போனின் உள்ளத்தில் எழுந்தது. அவர் அத்தாதியையே மூன்று மாத காலத்துக்கு நகரின் ஏழை நோயாளரை அவர்தம் வீடுகளிலே பேணுமாறு அமர்த்தினார். ஒரு மாதம் கழியுமுன்னரே, கண்ட துன்பத்தைத் தாங்கமாட்டாது தம்மை விடுவிக்குமாறு அவர் வேண்டினார் என்பர். ரத்போன் வற்புறுத்த, அவர் தொடர்ந்து பணியாற்றினார். பணியின் பயனும் புலப்படலாயிற்று.

பயிற்சி பெற்ற தாதியர் போதாமையே அடுத்த தடையாயிற்று. புளோரன்ஸ் நைற்றிங்கேலின் ஆலோசனையைப் பெற்று, லிவர்பூல் றோயல் வைத்தியசாலையோடு இணைந்த தாதியர் பயிற்சிப் பாடசாலையொன்றை ரத்போன் நிறுவினார். நகரம் 18 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தாதியர் அமர்த்தப்பட்டனர். இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. வைத்தியசாலை விடுதிக்கும் ஏழையின் வீட்டுக்கும் வேண்டிய தாதியரை ஒரே பாடசாலை பயிற்றியது. ஆகவே, இரண்டு இடங்களையும் ஒரே கல்வியால் இணைக்கலாம் என்னும் எண்ணம் வட்டாரத் தாதியர் சேவையின் தோற்றத்திலேயே இருந்தது எனலாம். 1887இல் விக்ரோறியா மகாராணியின் பொன்விழாவை ஒட்டித் திரட்டப்பட்ட நிதி, இச்சேவை பிரித்தானியா எங்கும் பரவ வழிவகுத்தது.

எனினும் இவ்விரு ஓடைகளும் ஒன்று சேரவில்லை. ஹொஸ்பிஸ் இல்லத்தின் சகோதரி நோயாளியின் வீட்டை அறியார். வட்டாரத் தாதி ஹொஸ்பிஸ் இல்லத்தின் அநுபவத்தை அறியார். இருவருக்கும் அப்பால், வைத்தியசாலையின் நிபுணர் தம் வழியே சென்றுகொண்டிருந்தார்.

மூன்று நிருவாகங்களுக்கிடையே ஒரு நோயாளி

இருபதாம் நூற்றாண்டில் வைத்தியசாலை பெருவளர்ச்சி கண்டது. 1948இல் பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை தோன்றியபோது, எவரும் கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் உரிமை நிலைநாட்டப்பட்டது. இது மாபெரும் சமூகச் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சேவையின் நிருவாக அமைப்பிலேயே ஒரு பிளவு இருந்தது. வைத்தியசாலைகள் பிராந்தியச் சபைகளின் கீழும், குடும்ப வைத்தியர்கள் வேறொரு குழுவின் கீழும், வட்டாரத் தாதியர் உள்ளூராட்சி மன்றங்களின் கீழும் வைக்கப்பட்டனர். 1974ஆம் ஆண்டின் மறுசீரமைப்பு வரை இம்முக்கூற்று அமைப்பு நீடித்தது.

இதன் விளைவை நோயாளியின் நிலையிலிருந்து நோக்குதல் வேண்டும். விடுதியிலிருந்து வீட்டுக்குச் செல்லும் ஒருவர், ஒரு நிருவாகத்தின் பொறுப்பிலிருந்து நீங்கி வேறு இரண்டு நிருவாகங்களின் பொறுப்புக்குள் நுழைகின்றார். அவரைப் பற்றிய கடிதம் தாமதித்தால், அவர் எவருடைய பொறுப்பிலும் இல்லாத சில நாள்களை வாழ்கின்றார். சாகும் நிலையிலுள்ள ஒருவருக்குச் சில நாள்கள் என்பவை எஞ்சிய வாழ்வின் பெரும் பகுதியாக இருக்கலாம்.

வீட்டிலே புற்றுநோயாளர் படும் துன்பத்தின் அளவை முதன் முதலில் விரிவாக வெளிக்கொணர்ந்தோர் வட்டாரத் தாதியரே. மேரி கியூரி நினைவு நிறுவனமும் வட்டாரத் தாதியர் நிறுவனமும் இணைந்து நடத்திய நாடளாவிய ஆய்வொன்று 1952இல் வெளியாயிற்று. வீட்டிற் பேணப்பட்ட ஏறத்தாழ 7,000 புற்றுநோயாளர் பற்றிய செய்திகள் அதில் இடம்பெற்றன. தாமே முதுமையுற்ற துணைவர், ஒடுக்கமான வீடு, இரவில் உதவிக்கு ஆளின்மை ஆகிய இடர்ப்பாடுகள் அதனால் வெளிச்சத்துக்கு வந்தன. 1950களின் இறுதியிலே அந்நினைவு நிறுவனம் வீடுகளுக்குத் தாதியரை அனுப்பும் சேவையைத் தொடங்கியமைக்கு இவ்வறிவே அடிப்படையாயிற்று. பகலிலே எப்படியோ சமாளிக்கும் குடும்பம் இரவிலேதான் உடைந்து போகின்றது என்பது இவ்வரலாறு கற்பிக்கும் முதற் பாடமாகும்.

வாசற்படியைக் கடந்த மருந்து

இப்பின்னணியிலேதான் சிசிலி சோண்டர்ஸ் அம்மையாரின் பணியை மதிப்பிடுதல் வேண்டும். 1918இற் பிறந்த அவர் முதலில் தாதியாகவும், பின்னர் வைத்தியசாலைச் சமூக சேவையாளராகவும் பணியாற்றி, 1957இல் வைத்தியராகத் தகுதி பெற்றார். இம்மூன்று பணிகளையும் ஒருவரே செய்திருந்தமை தற்செயலாக இருக்கலாம். ஆனால் அதன் பயன் பெரிது. நோயாளியின் உடலையும், படுக்கையையும், குடும்பத்தையும் அவர் ஒருங்கே பார்க்கக் கற்றிருந்தார். உடல் வலி, உள்ளத்துயர், குடும்பக் கவலை, ஆன்மிக வேதனை ஆகியவற்றை ஒருங்கிணைத்து 'முழுமையான வலி' என்னும் கருத்தை அவர் முன்வைத்தார்.

1958 முதல் சென்ட் ஜோசப் இல்லத்திலே பணியாற்றிய காலத்தில், அவர் எளியதொரு மாற்றத்தைச் செய்தார். அக்காலத்திலே மோர்பின் போன்ற வலி நீக்கிகள் பெரும்பாலும் ஊசி மூலம், வலி தாங்கவொண்ணா நிலையை அடைந்த பின்னரே கொடுக்கப்பட்டன. நோயாளி வலியிற் கதறிய பின் மருந்து வரும். மருந்தின் வலு குறைந்ததும் மீண்டும் வலி வரும். சோண்டர்ஸ் அம்மையாரோ வலி திரும்புமுன்னரே, மணிக்கணக்குப்படி, வாய்வழியாக மருந்தைக் கொடுக்கும் முறையை வற்புறுத்தினார். நோயாளி வலிக்காக அஞ்சிக் காத்திருக்கும் நிலை இதனால் நீங்கியது. மருந்துக்கு அடிமையாவர் என்ற அச்சமும், இவ்வாறு முறையாகக் கொடுக்கும்போது பெரிதும் ஆதாரமற்றதென அவருடைய குறிப்பேடுகள் காட்டின.

இம்மாற்றத்தின் சமூகப் பொருளே இங்கு நமக்கு முக்கியமானது. ஊசி போடுவதற்குத் தாதி வேண்டும். தாதியை எந்நேரமும் பெறுவதற்கு விடுதி வேண்டும். மணி பார்த்து ஒரு கரண்டி மருந்து கொடுப்பதற்கு ஒரு மகளோ மனைவியோ போதும். வாய்வழி மருந்து வலியைத் தணித்ததோடு அமையாது, வலி நீக்கத்தை விடுதியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு செல்லக்கூடியதாகவும் ஆக்கிற்று. வீட்டுப் பராமரிப்பின் வரலாற்றிலே மருந்துப் போத்தலொன்று வாசற்படியைக் கடந்த இந்நிகழ்ச்சி, சட்டங்கள் பலவற்றிலும் பெரிய நிகழ்ச்சியாகும்.

1967இல் தென் இலண்டனின் சிடன்ஹாம் பகுதியில் சென்ட் கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸ் திறக்கப்பட்டது. அங்கு பராமரிப்போடு கற்பித்தலும் ஆய்வும் இணைக்கப்பட்டன. ஈராண்டுகளின் பின், 1969இல், அதன் வீட்டுப் பராமரிப்புச் சேவை தொடங்கிற்று. மேரி பெய்ன்ஸ் என்னும் வைத்தியரும் பார்பரா மக்நல்ற்றி என்னும் தாதியும் அதன் முன்னோடிகளாவர். குடும்ப வைத்தியரையும் வட்டாரத் தாதியையும் விலக்கிவிட்டு அவர்களுடைய இடத்தைப் பிடிப்பது இச்சேவையின் நோக்கமாக இருக்கவில்லை. வலியைக் கட்டுப்படுத்தும் சிறப்பறிவை அவர்களுக்கு வழங்கி, தேவையேற்படின் நோயாளிக்குக் கட்டிலொன்றையும் வழங்குவதே நோக்கமாயிருந்தது. நோயாளி வீட்டிலிருந்து ஹொஸ்பிஸ் இல்லத்துக்கு வரலாம்; வலி அடங்கியதும் வீடு திரும்பலாம். கதவு இரு பக்கமும் திறக்கும் என்ற உறுதியே குடும்பத்துக்குத் துணிவைத் தந்தது.

வைத்தியசாலைக்குள் நுழைதல்

சென்ட் கிறிஸ்தோபரின் முன்மாதிரி சிறப்புடையதாயினும், பெரும்பாலான மக்கள் இறந்தது பொது வைத்தியசாலைகளிலேயே. எனவே, அவ்வறிவு வைத்தியசாலைக்குள் நுழைய வேண்டியிருந்தது. இதனைச் செய்தவர் கனடாவின் சத்திர சிகிச்சை நிபுணரான பல்போர் மௌன்ற் ஆவார். சென்ட் கிறிஸ்தோபருக்குச் சென்று பயின்று வந்த அவர், 1975இன் தொடக்கத்தில் மொன்றியல் நகரின் றோயல் விக்ரோறியா வைத்தியசாலையிலே ஒரு சேவையை ஆரம்பித்தார். 'ஹொஸ்பிஸ்' என்னும் சொல் பிரெஞ்சு மொழியிலே கைவிடப்பட்டோர் விடுதி என்னும் இழிபொருளையும் தந்தமையால், 'நோய்த்தணிப்புப் பராமரிப்பு' எனப் பொருள்படும் புதிய பெயரை அவர் வழங்கினார். இன்று உலகெங்கும் வழங்கும் பெயர் அதுவே.

பெயரினும் முக்கியமானது அச்சேவையின் அமைப்பு. தனி நோயாளர் விடுதி, பிற விடுதிகளிலுள்ள நோயாளருக்கு ஆலோசனை கூறும் குழு, வீட்டுப் பராமரிப்புச் சேவை, இறந்தவரின் குடும்பத்தினரைத் தொடர்ந்து சந்திக்கும் துணைச்சேவை ஆகிய நான்கும் ஒரே தலைமையின் கீழ் அமைந்தன. லிவர்பூலிலே கல்வியால் இணைந்தும், பின்னர் நிருவாகத்தாற் பிரிந்தும் கிடந்த இரண்டு இடங்கள், மொன்றியலிலே ஒரே பொறுப்பின் கீழ் மீண்டும் இணைந்தன. பிரித்தானியாவிலும் 1977இல் இலண்டனின் சென்ட் தோமஸ் வைத்தியசாலையிலே, தனி விடுதியின்றி, விடுதிதோறும் சென்று உதவும் குழுவொன்று தோன்றிற்று.

ஐக்கிய அமெரிக்காவிலே இவ்வரலாறு வேறொரு திருப்பத்தைக் கண்டது. யேல் பல்கலைக்கழகத்தின் தாதியர் கல்லூரித் தலைவராக விளங்கிய புளோரன்ஸ் வால்ட், சோண்டர்ஸ் அம்மையாரின் விரிவுரையால் ஈர்க்கப்பட்டு, கனெக்ரிகற் மாநிலத்திலே ஹொஸ்பிஸ் சேவையை உருவாக்க முன்னின்றார். அது 1974இலே வீட்டுப் பராமரிப்பாகவே தொடங்கிற்று. அதற்குரிய கட்டடம் 1980இலேயே திறக்கப்பட்டது. 1982இல் நிறைவேறிய சட்டமொன்றின் மூலம், முதியோருக்கான அரசாங்க மருத்துவக் காப்புறுதி ஹொஸ்பிஸ் பராமரிப்புக்கும் பணம் வழங்க ஏற்பாடாயிற்று. மொத்தப் பராமரிப்பு நாள்களில் நூற்றுக்கு 20 வீதத்துக்கு மேற்படாத நாள்களே கட்டிலிற் கழியலாம் என்ற விதி, வீட்டையே அச்சேவையின் மையமாக்கியது.

ஆனால் அதே சட்டம் ஒரு சுவரையும் எழுப்பியது. ஆறு மாதங்களுக்கு மேல் வாழார் என வைத்தியர் சான்றளித்தல் வேண்டும். நோயைக் குணப்படுத்தும் சிகிச்சையை நோயாளி கைவிடுதல் வேண்டும். இதனால் நோயாளி இரண்டு பாதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவரானார். நம்பிக்கையைக் கைவிட்டாலன்றி வலிக்குத் துணை கிடையாது என்ற நிலை மனித இயல்புக்கு முரணானது. நோயாளரும் வைத்தியரும் அம்முடிவை இறுதி வரை ஒத்திப்போட்டமையால், பலர் இச்சேவையைத் தம் வாழ்வின் கடைசி நாள்களிலேயே அடைந்தனர். நிதி வழங்கும் முறையே இணைப்பை ஆக்கவும் அழிக்கவும் வல்லது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

கோழிக்கோட்டின் அநுபவம்

மேற்கூறியவை யாவும் செல்வ நாடுகளின் வரலாறுகள். வறிய நாடுகளிலே மருந்தும் தாதியும் பணமும் ஒருங்கே அருகிய நிலையில் யாது செய்வது? இவ்வினாவுக்கு அயலிலுள்ள கேரளம் ஒரு விடையைத் தந்துள்ளது.

உலக சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலி நீக்கம் பற்றிய வழிகாட்டி நூலை வெளியிட்டது. வாய்வழி, நேரந்தவறாது, படிமுறைப்படி மருந்து கொடுக்குமாறு அது கூறிற்று. ஆனால் அதற்கு ஓராண்டு முன்னரே, 1985இல், இந்தியா போதைப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் கடுஞ்சட்டமொன்றை இயற்றியிருந்தது. மோர்பினைப் பெறுவதற்குப் பல திணைக்களங்களின் அநுமதிப் பத்திரங்கள் வேண்டியிருந்தன. ஒன்று கிடைக்குமுன் மற்றொன்று காலாவதியாகும். தண்டனைக்கு அஞ்சிய மருந்தகங்கள் அதனை வைத்திருப்பதையே கைவிட்டன. உலகின் மருத்துவத் தேவைக்கு அபின் பயிரிட்டு வழங்கும் நாடுகளில் ஒன்றான இந்தியாவிலே, அந்நாட்டு நோயாளருக்கே அதன் பயன் எட்டவில்லை. 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்ட பின்னரே நாடு முழுவதற்கும் ஒரே சீரான விதிகளுக்கு வழி பிறந்தது.

இந்நிலையிலே, 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து, எம். ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் ஆகிய வைத்தியர்களும் தன்னார்வலரும் சேர்ந்து நோய்த்தணிப்புப் பராமரிப்புச் சங்கமொன்றை நிறுவினர். அது வெளிநோயாளர் சிகிச்சை நிலையமாகவே தொடங்கிற்று. நாளடைவில் ஓர் உண்மை புலப்பட்டது. நிலையத்துக்கு வரக்கூடியவர் நடமாட வல்லவரும் பயணச் செலவுக்கு வசதியுடையவருமே. மிகவும் துன்புற்றவரோ படுக்கையிற் கிடந்தமையால் வரவே இல்லை. ஆகவே, சேவை அவர்களைத் தேடிச் செல்ல வேண்டியதாயிற்று. 1990களின் இறுதியிலே மலப்புறம் மாவட்டத்தில் அயலவர் வலையமைப்பு என்னும் முறை உருவாகிற்று. ஊரவர் சிலர் பயிற்சி பெற்று, தம் அயலிலுள்ள நெடுநாள் நோயாளரை இனங்கண்டு, வாரந்தோறும் சந்தித்தனர். தாதியரும் வைத்தியரும் அவர்களுக்குப் பின்னின்று உதவினர். நோயாளிக்கு வேண்டிய அரிசியும், பிள்ளைகளின் பாடசாலைச் செலவும் கூட அவ்வமைப்பின் கவனத்துக்குரியனவாயின.

2008இல் கேரள அரசு நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கெனத் தனிக் கொள்கையொன்றை வெளியிட்டது. கிராம ஊராட்சிகள் வீட்டுப் பராமரிப்புக்குத் தாதியரை அமர்த்தலாயின. ஊரவரின் முயற்சி அரசின் கடமையாக மாறிய இப்படியே கேரள வரலாற்றின் சிறப்பாகும். எனினும், தன்னார்வலரின் உற்சாகம் எல்லா ஊர்களிலும் ஒரே அளவினதாக இராது. வைத்தியரின் மேற்பார்வை தளர்ந்த இடத்தில் பரிவு மிஞ்சி மருந்து குறைவதும் உண்டு. கேரளத்தில் எழுத்தறிவும், ஊராட்சி வலுவும், பொதுப்பணி மரபும் முன்னரே இருந்தமையை மறந்து, அம்முறையை வேறிடத்துக்கு அப்படியே பெயர்த்து நடுதல் எளிதன்று.

இலங்கையும் நூற்றாண்டு கால முன்மாதிரியும்

இனி, நம் நாட்டை நோக்குவோம். இலங்கையில் 60 வயதைக் கடந்தோர் 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மக்கள்தொகையில் நூற்றுக்கு 6.6 வீதத்தினர், 2012இல் இவ்வீதம் 12.4 ஆயிற்று. புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, பாரிசவாதம், இதயத் தளர்ச்சி ஆகிய நெடுநோய்களால் வருந்துவோரின் பெருக்கத்துக்கு இம்முதுமையும் ஒரு காரணமாகும். உலக சுகாதாரப் பேரவை 2014இல் நோய்த்தணிப்புப் பராமரிப்பைச் சுகாதார சேவையின் உறுப்பாகக் கொள்ளுமாறு உறுப்பு நாடுகளை வேண்டிற்று. இலங்கையின் சுகாதார அமைச்சும் 2019 முதல் 2023 வரையான காலத்துக்கு இத்துறைக்கெனத் தேசிய உபாயச் சட்டகமொன்றை வகுத்தது. வைத்தியசாலைச் சேவையோடு சமூக மட்டச் சேவையும் வளர வேண்டுமென்பது அதன் கருத்துகளுள் ஒன்றாகும்.

ஆயினும், இவ்விணைப்பு நமக்கு முற்றிலும் புதியதன்று. வாழ்வின் மறு முனையில் அது நெடுங்காலமாக இயங்கி வருகின்றது. 1926இலே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது முதல், தாய் சேய் நலத்துக்கென வைத்தியசாலையையும் வீட்டையும் இணைக்கும் அமைப்பொன்று படிப்படியாக வளர்ந்துள்ளது. கருவுற்ற தாயைக் குடும்பநல மருத்துவிச்சி அவளுடைய வீட்டிலே சந்திக்கின்றாள். தாயின் உடல்நிலை பற்றிய பதிவேட்டைத் தாயே தன்னுடன் வைத்திருக்கின்றாள். சிகிச்சை நிலையத்துக்கும் வைத்தியசாலைக்கும் அதனையே கொண்டு செல்கின்றாள். பிள்ளைப்பேறு வைத்தியசாலையில் நிகழ்கின்றது. தாயும் சேயும் வீடு திரும்பியதும் மருத்துவிச்சி மீண்டும் வாசலுக்கு வருகின்றாள். இந்நாட்டின் தாய் சேய் மரண வீதம் வறிய நாடுகளிடையே வியக்கத்தக்க அளவு வீழ்ந்தமைக்கு இவ்வமைப்பு ஒரு முக்கிய காரணமென்பதை அறிஞர் பலரும் ஏற்பர்.

பிறப்பின்போது ஒரு தாயைப் பின்தொடர்ந்து அவளுடைய வீட்டு வாசல் வரை செல்லும் அரசு, இறப்பின்போது அதே தாயை வைத்தியசாலை வாயிலிலே விட்டுவிடுவது ஏன்? வறுமை மட்டும் இதற்கு விடையாகாது. இன்றினும் வறிய காலத்திலேயே முதலமைப்பு உருவாகிற்று. பிறப்பிலே எதிர்காலம் உண்டு, இறப்பிலே அது இல்லை என்ற கணக்கே இவ்வேறுபாட்டின் அடியில் உள்ளதெனக் கருத இடமுண்டு. மனித மதிப்பை எதிர்காலப் பயனால் அளக்கும் அக்கணக்கை நாம் ஏற்றல் ஆகாது.

வீடு என்னும் சொல்லையும் இங்கு ஆராய்தல் வேண்டும். வீட்டிலே பேணுதல் என்று கூறும்போது, உண்மையில் பேணுவது ஒரு பெண்ணே என்பது பெரும்பாலான சமூகங்களின் நிலை. அவளுடைய உழைப்பு எந்தச் செலவுக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. மேலும், போரும் இடப்பெயர்வும் புலம்பெயர்வும் நம் குடும்பங்களைச் சிதறச் செய்துவிட்டன. பிள்ளைகள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ, முதிய பெற்றோர் இருவர் மட்டும் எஞ்சிய வீடுகள் வட கிழக்கிலே பல. அத்தகைய வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளியை இன்னொரு நோயாளியே பேண வேண்டியிருக்கும். கூட்டுக் குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்ற பழைய நம்பிக்கையின்மேல் புதிய சேவையைக் கட்டியெழுப்ப முடியாது.

முடிவுரை

இவ்வரலாற்றை ஒருங்கே நோக்குமிடத்து, வைத்தியசாலையும் வீடும் இணைந்த இடங்களிலெல்லாம் சில நிலைமைகள் பொதுவாகக் காணப்படுகின்றன. முதலாவது, வலி நீக்கும் மருந்து வாசற்படியைக் கடக்கவேண்டும். 2017இல் வெளியான லான்செற் ஆணைக்குழுவின் அறிக்கை, உலகில் ஓராண்டில் விநியோகிக்கப்பட்ட 298.5 மெற்றிக் தொன் மோர்பின் வகை மருந்தில் 0.1 தொன்னே மிக வறிய நாடுகளைச் சேர்ந்ததெனக் கூறுகின்றது. மருந்தில்லாத வீட்டுப் பராமரிப்பு, துன்பத்தை விடுதியிலிருந்து அகற்றி மறைவிடத்துக்கு மாற்றுவதேயாகும். இரண்டாவது, நோயாளி எந்நேரத்திலும் எவருடைய பொறுப்பிலுள்ளார் என்பதற்கு ஒரு பெயர் இருக்கவேண்டும். பொறுப்பு கைமாறும்போது செய்தியும் உடன் செல்லவேண்டும். தாயின் கையிலுள்ள பதிவேட்டைப் போன்றதொன்று நெடுநோயாளியின் கையிலும் இருப்பது இதற்கு எளிய வழியாகும். மூன்றாவது, வீட்டுக்குச் சென்றவர் தேவையேற்படின் விடுதிக்குத் திரும்புவதற்குக் கதவு திறந்திருக்கவேண்டும். நான்காவது, பேணுபவரையும் பேணுவதற்கு, குறிப்பாக இரவில், ஒருவர் வேண்டும்.

இவற்றுள் எதுவும் அரிய கருவிகளையோ பெருங் கட்டடங்களையோ வேண்டுவதன்று. கனெக்ரிகற்றிலே கட்டடம் எழுமுன் சேவை எழுந்தது. மலப்புறத்திலே ஊரவர் முன்வந்த பின்னரே அரசு வந்தது. நம் பல்கலைக்கழகங்களின் மருத்துவ பீடங்களும், தாதியர் கல்வித் துறைகளும், சமூகவியல் துறைகளும் இத்துறையிற் கூடி ஆய்வு செய்வதற்கு இடம் நிறைய உண்டு. விடுதியிலிருந்து அனுப்பப்பட்ட நெடுநோயாளருக்கு அதன் பின் யாது நிகழ்ந்தது என்பதை ஒரு கிராமத்திலேனும் முறையாக ஆராய்ந்து எழுதுதல் நல்ல தொடக்கமாக அமையும். 1952இல் வட்டாரத் தாதியர் திரட்டிய செய்திகள் ஒரு நாட்டின் கண்ணைத் திறந்தன. நம் கிராமங்களின் செய்திகளோ இன்னும் பெரும்பாலும் எழுதப்படாமலே உள்ளன.